பி ஃபேஸில் மின்னழுத்தம் ஏறுகிறது: சமனற்ற பகிர்மான வலையமைப்புக்கு எந்த லோடு ஃப்ளோ முறை?

மின்மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகச் சமனற்ற பகிர்மான வலையமைப்புகளில் மின்திறன் பாய்வைக் கணக்கிட்டுவருகிறேன். பன்னாட்டு மின் பொறியாளர் அமைப்பான ஐட்ரிபிள்-ஈ வெளியிட்ட 13 கணுச் சோதனை ஃபீடரில் (துணைமின் நிலையத்திலிருந்து பளுக்களுக்குப் போகும் பாதை) தொடங்கினேன். 4.16 கிலோவோல்ட், சிறிய ஃபீடர்தான். ஆனால் சீராக்கி, மின்தேக்கி, ஒருமுனைக் கிளை, இருமுனைக் கிளை, டெல்டா பளு என எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

வெளியிடப்பட்ட விடைகளில் பி ஃபேஸை மட்டும் பாருங்கள். பெயரளவு மின்னழுத்தத்தை 1 எனக் கொண்டால், மின்னழுத்தச் சீராக்கியைத் தாண்டியதும் 1.0500. 632 ஆவது கணுவில் 1.0420. அதற்கு அப்பால் 671 இல் 1.0529, 675 இல் 1.0553. மின்சாரம் போகும் திசையிலேயே மின்னழுத்தம் ஏறுகிறது. அதே 675 இல் ஏ ஃபேஸ் 0.9835, சி ஃபேஸ் 0.9758.

இரண்டு கேள்விகள். இந்த ஏற்றம் உண்மையிலேயே கம்பியில் நடப்பதா, கணக்கு முறையின் விளைவா? அடுத்து, என் வழிகாட்டி நியூட்டன்-ராஃப்சன் (ஊகித்த விடையைப் படிப்படியாகத் திருத்திச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை) போதும் என்கிறார். ஆய்வகத்தில் உள்ள மற்றவர்கள் முன்-பின் வருடல் முறைதான் சரி என்கிறார்கள். எதை எடுப்பது?

கம்பிவழி

அம்மா, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பகிர்மானத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஏற்றம் உண்மை. இதைக் கணினி இல்லாமலே காட்ட முடியும்.

நம் ஊர்த் தாழ்வழுத்தப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், நான்கும் ஒரே அளவு, வீசல் என்ற வகை அலுமினியக் கம்பி. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 ஓம்; 200 மீட்டருக்கு 0.18 ஓம். பளு முழுவதும் கடைசிக் கம்பத்தில் இருப்பதாகவும், திறன் காரணி ஒன்று எனவும் கொள்வோம். சிவப்பில் 60 ஆம்பியர், மஞ்சளில் 30, நீலத்தில் 20.

சராசரி எடுத்து ஒற்றைக் கோட்டு வரைபடத்தில் போட்டால் ஒரு ஃபேஸுக்கு 36.7 ஆம்பியர். வீழ்ச்சி 6.6 வோல்ட், அதாவது 240 வோல்ட்டில் 2.75 சதவீதம். யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

இப்போது மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். நியூட்ரலில் 36 ஆம்பியர் திரும்பி வருகிறது. அந்த மின்னோட்டம் ஏறத்தாழச் சிவப்பு ஃபேஸின் திசையிலேயே இருப்பதால், சிவப்பு வீட்டுக்காரருக்குத் தன் கம்பியின் வீழ்ச்சியோடு நியூட்ரலின் வீழ்ச்சியும் சேர்கிறது. 60 உடன் 35 கூடி 95 ஆம்பியருக்கான வீழ்ச்சி: 17.1 வோல்ட், 7.1 சதவீதம். பழைய 1956 ஆம் ஆண்டு விதிகள் தாழ்வழுத்தத்துக்கு அனுமதித்தது 6 சதவீதம்தான். மஞ்சளுக்கு 3.6 வோல்ட் வீழ்ச்சி. நீலத்தில் 20 இலிருந்து 25 கழிகிறது; விடை எதிர்க்குறி. அந்த வீட்டில் மின்னழுத்தம் 0.9 வோல்ட் ஏறும்.

மாயம் எதுவும் இல்லை. ஒரு ஃபேஸின் சுமையை இன்னொரு ஃபேஸ் உணர்கிறது, அவ்வளவுதான். "மின்னழுத்தம் போதவில்லை" என்று ஒரு வீட்டிலிருந்தும், "பல்பு அடிக்கடி எரிந்துபோகிறது" என்று அடுத்த வீட்டிலிருந்தும் ஒரே நாளில் புகார் வரும்போது சராசரிக் கணக்கை நீட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

அணிக்கோவை

ஐயா சொன்னது நியூட்ரல் வழியாக வரும் பிணைப்பு. மாணவியின் ஃபீடரில் அதே வேலையைப் பரிமாற்று மின்தூண்டல் செய்கிறது. 632க்கும் 671க்கும் இடையே 2000 அடி மேல்நிலைப் பாதை. அதில் ஏ, சி இரண்டும் பி ஃபேஸைப் போல ஏறத்தாழ இருமடங்கு சுமக்கின்றன. அந்த இரண்டின் காந்தப்புலமும் பி கம்பியில் தூண்டும் மின்னழுத்தம், பி தன் சொந்த இம்பிடன்ஸில் (மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு) இழப்பதைவிட அதிகம். கூடவே 675 இல் ஃபேஸுக்கு 200 கிலோவார் மின்தேக்கி இருக்கிறது. அங்கே ஏ ஃபேஸில் 485 கிலோவாட் பளு, சி யில் 290, பி யில் வெறும் 68. பி ஃபேஸ் கேட்கும் எதிர்வினைத் திறன் 60 கிலோவார்தான். மீதி மேலே ஏறி வருகிறது. தூண்டல், மின்தேக்கி இரண்டும் சேர்ந்துதான் 1.0553.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். 675 இல் மூன்று ஃபேஸின் சராசரி 1.005. ஒற்றைக் கோட்டு மாதிரி இதைத்தான் சொல்லும்: குறையே இல்லாத கணு. அமெரிக்கத் தர நிர்ணயத்தின் மேல் எல்லை 1.05, பி ஃபேஸ் அதைத் தாண்டி நிற்கிறது.

இரண்டாவது கேள்வியில் ஒரு தவறான பாடம் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. அதை இங்கேயே நிறுத்த வேண்டும். "பகிர்மானத்தில் மின்தடைக்கும் மின்மறுப்புக்கும் உள்ள விகிதம் அதிகம், ஆகவே நியூட்டன்-ராஃப்சன் விடையில் குவியாது" என்பார்கள். டின்னியும் ஹார்ட்டும் 1967 இல் தந்த முழு நியூட்டன் முறையில் மின்மறுப்பு அதிகம் என்ற அனுமானமே கிடையாது. அந்த அனுமானம் 1974 இல் ஸ்டாட், அல்சாக் இருவரும் தந்த வேகப் பிரிப்பு முறையில்தான் இருக்கிறது. செயல்திறனைக் கோணத்தோடும் எதிர்வினைத் திறனை மின்னழுத்த அளவோடும் தனித்தனியே கட்டிப்போடுகிறது அது. 400 கிலோவோல்ட் பாதையில் இது பொருந்தும். மின்தடை ஓங்கிய தாழ்வழுத்தக் கேபிளில் பொருந்தாது.

முழு நியூட்டனுக்கு வரும் தொல்லை வேறு. மீட்டர் கணக்கில் நீளமுள்ள இணைப்புக் கம்பியும், கிட்டத்தட்டச் சுழி இம்பிடன்ஸ் கொண்ட சுவிட்சும், பல கிலோமீட்டர் கிளையும் ஒரே அணியில் உட்காரும்போது எண்ணளவுகளின் வீச்சு பெரிதாகிவிடுகிறது. அது முறையின் குற்றமில்லை. மாதிரியைக் கட்டுபவரின் பொறுப்பு.

மின்மாணவி

மிக்க நன்றி ஐயா. 95 ஆம்பியர் கணக்கை நானும் கலப்பெண்களில் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது.

அப்படியானால் முன்-பின் வருடலுக்கு இவ்வளவு ஆதரவு ஏன்? எளிது என்பதாலா?

கிளைநதி

எளிமை மட்டும் காரணமில்லை. இதை ஐந்தாறு ஆண்டுகளாகத் திட்டமிடல் மென்பொருளில் எழுதிவருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பகிர்மான ஃபீடர் பெரும்பாலும் கிளை விரிந்த வடிவம். ஒவ்வொரு கணுவுக்கும் மேலே ஒரே ஒரு பாதை. இந்த உண்மையை நியூட்டன் பயன்படுத்திக்கொள்வதில்லை. வருடல் முறை அதன்மேலேயே நிற்கிறது. எல்லாக் கணுவிலும் ஒரு மின்னழுத்தத்தை ஊகித்துக்கொள்கிறோம். அதைக்கொண்டு ஒவ்வொரு பளுவும் இழுக்கும் மின்னோட்டம் கிடைக்கிறது. நுனிக் கிளையிலிருந்து துணைமின் நிலையம் வரை மின்னோட்டங்களைக் கூட்டிக்கொண்டே வருகிறோம். கிர்ச்சாஃப் மின்னோட்ட விதி, வேறொன்றுமில்லை. பிறகு துணைமின் நிலையத்தின் தெரிந்த மின்னழுத்தத்திலிருந்து கீழே இறங்கி, ஒவ்வொரு கிளையிலும் மூன்றுக்கு மூன்று இம்பிடன்ஸ் அணியைப் பெருக்கி வீழ்ச்சியைக் கழிக்கிறோம். புதிய மின்னழுத்தம், புதிய மின்னோட்டம், மீண்டும் மேலே. மாற்றம் அற்பமாகும்வரை இதே வேலை.

பெரிய அணி எதையும் நேர்மாறாக்கத் தேவையில்லை. நியூட்டனில் வரும் ஜக்கோபியன் (பகுதி வகைக்கெழுக்களின் அணி) இல்லை. பரிமாற்றுத் தூண்டல் மூன்றுக்கு மூன்று அணியின் மூலைவிட்டத்துக்கு வெளியே இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது. ஒருமுனைக் கிளையா, இல்லாத ஃபேஸின் நிரையையும் நிரலையும் சுழியால் நிரப்பினால் போதும். இந்த வருடலின் ஒரு வடிவமாகக் கெர்ஸ்டிங் 1976 இலிருந்து வளர்த்த ஏணி முறையின் அழகு, மின்மாற்றியையும் சீராக்கியையும் அதே வகைச் சிறு அணிகளாக மாற்றிக்கொண்டது. எந்தச் சாதனமும் "மேல்பக்க மின்னழுத்தத்தைக் கொடு, கீழ்ப்பக்கத்தைத் தருகிறேன்" என்ற ஒரே ஒழுங்கில் பேசும்.

வளையங்கள் வந்தால்? 1988 இல் ஷிர்முகமதி குழுவினர் வழி காட்டினார்கள். வளையத்தை ஓரிடத்தில் வெட்டி ஆரவடிவமாக்கி, வெட்டிய இரு முனைகளின் மின்னழுத்த வேறுபாடு சுழியாகும்வரை அங்கே மின்னோட்டத்தைச் செலுத்துவது. 1995 இல் செங், ஷிர்முகமதி இருவரும் அதை மும்முனைக்கும், மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மின்னாக்கிகளுக்கும் நீட்டினார்கள்.

ஆனால் வெட்டுகள் பெருகப் பெருக இந்த அழகு கரைந்துவிடும். இரண்டு மூன்று வளையம் சரி. நகர மையத்தின் பின்னல் வலையமைப்புக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். பளு மிக அதிகமாகி ஃபீடர் தன் எல்லையை நெருங்கும்போதும் சுற்றுகள் நீண்டுகொண்டே போகும். இதன் குவிதல் ஒருபடி வேகம். நியூட்டனுடையது விடைக்கு அருகே இருபடி வேகம்.

நிலைப்புள்ளி

கிளைநதி சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் இன்று புதிதாகத் தொடங்கும் ஒரு மாணவிக்கு நான் வருடல் முறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்க மின்சார ஆராய்ச்சி நிறுவனமான எப்ரி 2008 இல் திறந்த மூலமாக்கிய ஓப்பன்டிஎஸ்எஸ் மென்பொருளைப் பாருங்கள். வலையமைப்பு முழுவதையும் ஒரே அட்மிட்டன்ஸ் (இம்பிடன்ஸின் தலைகீழ்) அணியாக எழுதுகிறது. ஒவ்வொரு பளுவின் நேரியல் பகுதியையும் அந்த அணிக்குள்ளேயே போட்டுவிட்டு, மிஞ்சும் வேறுபாட்டை மட்டும் ஈடுசெய் மின்னோட்டமாக வெளியே வைக்கிறது. அணியை ஒருமுறை காரணிப்படுத்தினால் போதும். அதன்பின் ஒவ்வொரு சுற்றும் ஒரு பின்பதிலீடு, ஒரு மின்னோட்டக் கணக்கு. இதைத்தான் நிலைப்புள்ளி முறை என்கிறோம். வளையம் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. ஓராண்டுக்கு 8760 மணிநேரத்தையும் தொடர்ந்து ஓட்டும்போது முந்தைய மணியின் விடையே அடுத்த மணியின் தொடக்கமாகிறது. சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும். சீராக்கியின் தட்டு (டேப்) மாறினால் மட்டும் அணியை மறுபடி காரணிப்படுத்த வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. இருமுனை, ஒருமுனைக் கிளைகளில் வருடல் முறையின் சுழி நிரப்பும் உத்தி இங்கே உதவாது. சுழி நிரையுள்ள இம்பிடன்ஸ் அணிக்கு நேர்மாறு கிடையாது. அணியின் அளவையே குறைத்து எழுத வேண்டும். அடுத்தது டெல்டா. மின்மாற்றியின் டெல்டாப் பக்கத்துக்குத் தரையோடு தொடர்பே இல்லாதபோது அந்தக் கணுக்கள் தரையைப் பொறுத்து மிதக்கின்றன. மூன்று லைன் மின்னழுத்தங்களும் உறுதியாகத் தெரியும். தரையைப் பொறுத்த மின்னழுத்தம் எதுவாகவும் இருக்கலாம். அணி பூச்சியக் கோவை அணியாகிவிடும். ஓப்பன்டிஎஸ்எஸ் மின்மாற்றியின் முனைகளில் மிகப் பெரிய ஒரு மின்மறுப்பைத் தரைக்கு இணைத்து இதைத் தவிர்க்கிறது. சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் நாட்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

அணிக்கோவை

மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்னாக்கிகள் நிறைய இருந்தால் உங்கள் நிலைப்புள்ளி முறையும் திணறும். அந்த இடத்துக்குத்தான் பிரேசில் ஆய்வாளர்கள் 2000 இல் தந்த மும்முனை மின்னோட்டச் செலுத்து முறை. அதுவும் நியூட்டன்தான், ஆனால் திறன் சமன்பாட்டுக்குப் பதிலாக மின்னோட்டச் சமன்பாட்டைச் செங்குத்து ஆயங்களில் எழுதுகிறார்கள். ஜக்கோபியனில் ஆறுக்கு ஆறு கட்டங்கள்; மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ளவை அட்மிட்டன்ஸ் அணியின் உறுப்புகளே, மாறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பிக்க வேண்டியது மூலைவிட்டக் கட்டங்களை மட்டும். நியூட்டனின் வேகமும் கிடைக்கிறது, வலையமைப்பின் வடிவத்துக்குக் கட்டுப்படவும் வேண்டியதில்லை. மாணவியின் வழிகாட்டி "நியூட்டன்" என்றது இந்தப் பொருளில் என்றால், நான் அவர் பக்கம்.

கம்பிவழி

நீங்கள் மூவரும் முறைகளை நன்றாகவே அலசுகிறீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மூன்று முறையும் குவிந்தால் மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். அந்த விடை கம்பத்தில் அளக்கும் எண்ணோடு ஒத்துப்போகுமா என்பது முறையைப் பொறுத்ததல்ல, உள்ளே போடும் மாதிரியைப் பொறுத்தது. அதைப் பற்றி இங்கே பேச்சே காணோம்.

சோதனை ஃபீடர் அமெரிக்க அமைப்பு. அங்கே உயரழுத்தப் பாதையிலேயே நான்காவது கம்பியாக நியூட்ரல் ஓடுகிறது. வழிநெடுகப் பல இடங்களில் தரையோடு இணைக்கப்படுகிறது. நம் 11 கிலோவோல்ட் பாதையில் மூன்று கம்பிதான். மின்மாற்றி 11 கிலோவோல்ட்டுக்கு 433 வோல்ட், மேலே டெல்டா, கீழே ஸ்டார். தாழ்வழுத்தத்தில் ஒரு வீடு ஒருமுனைப் பளு இழுத்தால், மேலே அது இரண்டு ஃபேஸ்களுக்கு இடைப்பட்ட பளுவாகத் தெரியும். நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டம் டெல்டாவைத் தாண்டி 11 கிலோவோல்ட் பாதைக்குப் போகாது. ஆகவே சமனின்மையின் கொடுமையான பகுதி முழுவதும் அந்தக் கடைசி சில நூறு மீட்டரில்தான் இருக்கிறது. 13 கணு ஃபீடரில் கற்றதை அப்படியே இங்கே பொருத்தினால் தேட வேண்டிய இடத்தை விட்டுவிடுவோம்.

அடுத்தது நியூட்ரலைக் கணக்கிலிருந்து நீக்குவது. க்ரான் குறைப்பு என்று நான்குக்கு நான்கு அணியை மூன்றுக்கு மூன்றாக்குகிறீர்கள். நியூட்ரல் எங்கும் தரையின் மின்னழுத்தத்திலேயே இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்வது அது. நம் தாழ்வழுத்தப் பாதையில், காய்ந்த மண்ணில், அரித்துப்போன எர்த் கம்பியில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். இரண்டு ஃபேஸில் இரண்டு வீடுகள். ஒன்றின் பளு மற்றதைப் போல நான்கு மடங்கு. நியூட்ரல் போனதும் இரண்டும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நிற்கும். அதிகப் பளு வீட்டுக்கு 83 வோல்ட். குறைந்த பளு வீட்டுக்கு 332 வோல்ட். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் நிமிடங்களில் போய்விடும். மூன்றுக்கு மூன்று அணியில் இந்த நிகழ்வை எழுதவே முடியாது, எவ்வளவு வேகமான முறையாக இருந்தாலும்.

நிலைப்புள்ளி

முழுக்க உடன்படுகிறேன் ஐயா. தாழ்வழுத்தத்துக்கு நான்கு கம்பி மாதிரிதான் வேண்டும். அட்மிட்டன்ஸ் அணி அடிப்படையிலான முறைகளில் நியூட்ரலை இன்னொரு கணுவாகச் சேர்த்துவிடலாம். எர்த் மின்தடையைக் கம்பத்துக்குக் கம்பம் தனித்தனியே கொடுக்கலாம். மின்னோட்டச் செலுத்து முறைக்கும் நான்கு கடத்தி வடிவம் வந்துவிட்டது.

மாணவிக்கு ஒரு எச்சரிக்கை. பாதையின் இம்பிடன்ஸுக்குக் கார்சன் 1926 இல் தந்த சமன்பாடுகளைப் பயன்படுத்துவீர்கள். அமெரிக்க நூல்களில் அச்சிட்டிருக்கும் மாறிலிகள் 60 ஹெர்ட்ஸுக்கும் மைலுக்கும் உரியவை: 0.0953, 0.12134, 7.934. இவற்றை எடுத்து 50 ஹெர்ட்ஸ் பாதைக்குப் போடாதீர்கள். மண்ணின் மின்தடை எண் 100 ஓம் மீட்டர் எனக் கொண்டால், 50 ஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு மண் சேர்க்கும் மின்தடை 0.0493 ஓம். மின்மறுப்பு, 0.0628 ஐ இயல் மடக்கையால் பெருக்கியது. மடக்கைக்குள் 931 மீட்டரைக் கம்பியின் வடிவியல் சராசரி ஆரத்தால் வகுத்து வையுங்கள். கம்பிகளுக்கு இடையிலான பரிமாற்று உறுப்புக்கு அதே 0.0493 ஓம் மின்தடை. மின்மறுப்பில் ஆரத்துக்குப் பதில் இடைவெளி.

மின்மாணவி

இவ்வளவும் ஒரே இழையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன். 13 கணு ஃபீடரை நிரலைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன். உண்மையான ஆய்வு, கீழே ஸ்டார் உள்ள ஒரு பகிர்மான மின்மாற்றியும் அதன் நான்கு கம்பிப் பாதையும். முறை, அட்மிட்டன்ஸ் அணியில் நிலைப்புள்ளி. வீட்டுக் கூரைகளில் ஒருமுனைச் சூரிய மின் இன்வெர்ட்டர்களையும் சேர்க்கப் போகிறேன்.

பளுக்களை எல்லாம் மாறாத் திறனாக எடுத்தால் போதுமா?

கிளைநதி

போதாது. மின்னழுத்தம் குறைந்தால் மாறாத் திறன் பளு அதிக மின்னோட்டம் இழுக்கும். ஹீட்டர் குறைவாக இழுக்கும். 7 சதவீத வீழ்ச்சியில் மாறாத் திறன் பளுவின் மின்னோட்டம் ஏறத்தாழ 7.5 சதவீதம் கூடும், மாறா மின்தடையினுடையது 7 சதவீதம் குறையும். கலவையாகக் கொடுங்கள்.

சூரிய மின்சாரத்தில் கவனம் வேண்டும். கம்பிவழி ஐயாவின் கணக்கையே எடுங்கள்: நீல வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் 15 ஆம்பியர் கொடுத்தால் அங்கே மீதி 5 ஆம்பியர். நியூட்ரல் மின்னோட்டம் 36 இலிருந்து 48 ஆம்பியராகும். சிவப்பின் வீழ்ச்சி இன்னும் மோசமாகும். அதே 15 ஆம்பியரைச் சிவப்பில் வைத்தால் நியூட்ரல் 22 ஆம்பியருக்கு இறங்கிவிடும்.

கம்பிவழி

அதற்கு எந்த வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது என்று தெரிய வேண்டும் அம்மா. பதிவேட்டில் இருப்பதை நம்பி உள்ளே போடாதீர்கள். பழுது பார்க்கப் போகும்போது ஃபேஸ் மாற்றிக் கட்டுவது எங்கும் நடக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் பதிவேட்டுக்கு வருவதில்லை. மின்மாற்றியில் மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் கிளாம்ப் மீட்டரால் மாலை உச்ச நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். பிறகு கம்பம் கம்பமாக நடந்து ஒவ்வொரு இணைப்பும் எந்தக் கம்பியிலிருந்து இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறவும் வேண்டாம், எதையும் தொடவும் வேண்டாம். பிரிவு அலுவலகத்தில் அனுமதி பெற்று, லைன்மேன் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அந்த வரைபடம் கைக்கு வந்ததும் இங்கே போடுங்கள். முதல் சுற்றுக் கணக்கை நாம் எல்லோரும் சேர்ந்து போடுவோம்.